பாதி வழியில் இறங்கியவள்

பெய்ரூத்தின் டோரா ரவுண்டானாவில் சர்வீஸ் வண்டி என்கிற ஷேர் டாக்சி ஓட்டுகிறவர்கள் ஒருவரையொருவர் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்வதில்லை. மெல்ஹெமுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ‘வாசப்படி’. ஆளுக்கோர் இடமாக நாலு பேரை அடைத்துக்கொண்டு போகிற வண்டியில், கேட்ட தெருமுனையில் இறக்கிவிட்டாலே பெரிய காரியம். மெல்ஹெம் அப்படி இல்லை. சந்துக்குள் புகுந்து, கட்டடத்தின் வாசலிலேயே நிறுத்தி, இறங்கினவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தும்வரை நகரமாட்டார். வண்டியில் மிச்சமிருக்கிற மூன்று பேரும் காட்டுக்கத்தல் கத்துவார்கள். அவர் காதில் போட்டுக்கொண்டால்தானே.

“என்ன வாசப்படி, மாடி வரைக்கும் போய்ப் போர்வையும் போத்திவிட்டு வந்துட்டியா?” என்று கேட்பான் நாயெஃப். அவனும் டிரைவர்தான். அவன் வண்டியில் ஏறினால் பெய்ரூத்தில் எங்கே போக வேண்டுமென்றாலும் பாதி வழியில் இறங்கி நடக்க வேண்டும். “இங்க எறங்கினா உனக்குத்தான் சுலபம்” என்பான். அந்த ஊர் டிரைவர்கள் எல்லோரும் சொல்வதுதான். நெரிசலைக் கண்டதும் பயணியை உதிர்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடுவது அவர்கள் தொழிலில் பாதி. ஒரு காலத்தில் மெல்ஹெமும் அதையேதான் செய்தார்.

இன்னொரு வினோதமும் அவரிடம் இருந்தது. துறைமுகச் சாலையில் அவர் வண்டி போகாது. டோராவிலிருந்து ஊர் நடுவுக்கு அந்தச் சாலையில் கோடு கிழித்தாற்போல் பத்து நிமிஷத்தில் போய்விடலாம். மெல்ஹெம் பாலத்தடியில் இடது பக்கம் ஒடித்து, மலையைச் சுற்றி, முக்கால் மணி நேரம் கழித்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். பெட்ரோல் விலை ஏறி நின்ற வருஷம் அது. ஏறினவர்கள் சண்டை போட்டார்கள். பிறகு ஏறுவதற்கு முன்னாலேயே வழி கேட்க ஆரம்பித்தார்கள். கேட்டுவிட்டுப் பின்னால் நிற்கிற நாயெஃபின் வண்டிக்குப் போனார்கள். சில நாட்கள் காலையிலிருந்து மதியம் வரை நாலு சீட்டும் காலியாக, வெறும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அவருடைய மனைவி ஒடெத் தைக்கிறவள். பழைய துணியை அளவு மாற்றித் தருவாள். ஊசியைப் போலவே பேச்சும். ஜனவரியில் ஒரு நாள் மிஷினை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

“என் தம்பி ஒரு ஆளைப் பிடிச்சிருக்கான். உன் செவப்பு நம்பர் பிளேட்டை வாங்கிக்கிறானாம். ஈஸ்டர் வரைக்கும் பொறுப்பானாம்.”

அந்த ஊரில் டாக்சி ஓட்டும் உரிமை ஆளிடம் இல்லை, அந்தச் சிவப்புப் பிளேட்டில் இருக்கிறது. அது போனால் எல்லாம் போச்சு.

“பிளேட்டை வித்துட்டு நான் என்ன பண்றது? உனக்கு நூல் கோத்துத் தரவா?”

“அப்ப கோயிலுக்குப் பின்னால இருக்கிற கிளினிக்குக்குப் போ. அங்க ஒரு பொண்ணு வர்றா, மனசைப் பாக்குறதுக்குன்னே படிச்சவ. பிளேட்டா, அந்தப் பொண்ணா? மூணாவது வழி கிடையாது, மெல்ஹெம். ராத்திரி பூரா நீ பல்லைக் கடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கிட்டு ஒன்றரை வருஷம் படுத்துட்டேன். என்னாலயும் முடியல.”

முப்பத்தொரு வருஷமாக ஓட்டுகிறவர். ஸ்டியரிங்கை விட்டால் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்றுகூட அவருக்குத் தெரியாது. அதனால்தான் போனார். மனசைச் சரிசெய்து கொள்ள வேண்டும் என்பதற்காகப் போகவில்லை. பிளேட்டைக் காப்பாற்றிக்கொள்ளப் போனார்.

கிளினிக் நாலாவது மாடியில். மின்சாரம் இல்லாததால் லிஃப்ட் ஓடவில்லை. மூச்சு வாங்க ஏறிப் போனவருக்கு, வெள்ளைக் கோட்டு போட்ட கிழவரும் மாத்திரை எழுதும் சீட்டும் கிடைக்கும் என்று நினைப்பு. இருந்தது முப்பத்தைந்து வயதுப் பெண், பெயர் ஜுமானா. மலைக்கு அந்தப் பக்கம் ஸஹ்லேயிலிருந்து வந்தவள்.

“டாக்டரம்மா, மாத்திரை குடுத்தீங்கன்னா போயிடறேன்.”

“நான் டாக்டர் இல்ல, அம்மோ. மாத்திரையும் என்கிட்ட இல்ல,” என்றாள் அவள். அப்பாவின் தம்பியைக் கூப்பிடுகிற சொல்லால் டிரைவர்களைக் கூப்பிடுவது அங்கே வழக்கம். “அன்னிக்கு எங்க இருந்தீங்க?”

ஆகஸ்ட் நாலு என்று அவள் சொல்லவில்லை. பெய்ரூத்தில் யாரும் சொல்வதில்லை. ‘அன்னிக்கு’ என்றால் துறைமுகம் வெடித்த அன்றுதான். இந்தக் கேள்விக்கு மெல்ஹெமிடம் மழமழவென்று தேய்ந்த ஒரு பதில் இருந்தது. துறைமுகத்துக்கு மேலே அஷ்ரஃபியே மலைச்சாலையில் ஏறிக்கொண்டிருந்தார். வண்டியே தரையை விட்டு எழும்பிற்று. கண்ணாடி காதைக் கிழித்தது. ஆனாலும் என்ஜின் நிற்கவில்லை. அடிபட்டவர்களை அள்ளிப் போட்டுக்கொண்டு நடுநிசி வரை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஓட்டினார். பதினோரு பேர். அதில் ஒரு கைக்குழந்தை. பின் சீட்டின் ரத்தக்கறை இன்றும் போகவில்லை. தெருவில் அவரை நிறுத்தி வைத்து முத்தம் கொடுத்திருக்கிறார்கள். பாதிரியார் பூசையில் பெயர் சொல்லிப் பாராட்டியிருக்கிறார்.

ஜுமானா எல்லாவற்றையும் கேட்டாள். பாராட்டவில்லை.

“இது மலை மேல இருந்து ஆரம்பிக்குது. அதுக்கு முன்னாடி?”

மெல்ஹெம் எழுந்தார், தொப்பியை எடுத்துக்கொண்டார், நாலு மாடியும் இறங்கிப் போய்விட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி ஏறி வந்தார். ஏன் வந்தார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. பிடிவாதக்காரர், அவ்வளவுதான். ஸ்டார்ட் ஆகாத வண்டியைத் திட்டிக்கொண்டே பத்துத் தடவை சாவி திருப்புகிற ஆள். கை முறிந்தவனைப் பார்த்து யாரும் ‘நாளாக ஆக ஒட்டிக்கும், விடு’ என்று சொல்வதில்லை. மனசு முறிந்தவனிடம் மட்டும் ஊரே கூடி அதைத்தான் சொல்கிறது. ஒன்றரை வருஷம் அதைக் கேட்டுக் கேட்டு அவருக்கு அலுத்துப் போயிருந்தது.

“ஒரு பொண்ணு இருந்தா,” என்றார் உட்காராமலேயே. அன்று அவ்வளவுதான் வந்தது.

அதற்குப் பிறகு ஜுமானா செய்யச் சொன்னது அவருக்குச் சுத்தப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. கண்ணை மூடிக்கொண்டு, அன்றைய தினத்தை இப்போது நடப்பதுபோல் சொல்ல வேண்டும். முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து. மறுபடியும். அவருடைய ஃபோனிலேயே அது பதிவாகும். அதை அவர் தினமும் ஒரு முறை கேட்க வேண்டும்.

“மறக்குறதுக்கு வந்தா, மனப்பாடம் பண்ணச் சொல்றீங்களே!”

“ஒன்றரை வருஷமா மறக்கப் பாத்தீங்க. மறந்துச்சா?”

மெல்ஹெம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ரேடியேட்டர் கொதிச்சா என்ன பண்ணுவீங்க, அம்மோ?”

“நிறுத்துவேன். பக்கத்துலயே நிப்பேன். தானா ஆறும்.”

“வண்டிய விட்டுட்டு ஓடிட மாட்டீங்கல்ல? அதேதான். நாம பக்கத்துலயே நிக்கப் போறோம். இப்ப பயம் நூத்துக்கு எவ்வளவு?”

“இருநூறு.”

“நூத்துக்கு மேல கிடையாது.”

“அப்ப உங்க மீட்டர் சின்னது.”

அவள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. கண்ணை மூடினார். தொடை மேல் வைத்த இரண்டு கைகளும் இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டன.

“டோராவுல ஏறுறா. முன் சீட்டு. வேற யாரும் இல்ல. மாஸ்க் போட்டிருக்கா, அந்த வருஷம் எல்லாருக்கும் மாஸ்க்தான். கண்ணு மட்டும் தெரியுது. தலையில மஞ்சக் கிளிப்பு. மடியில கேக் டப்பா. ஜெம்மெய்சே போகணும்ங்கிறா. துறைமுக ரோட்டுல வந்துட்டிருக்கோம். கரந்தீனா தாண்டினதும் எல்லா வண்டியும் நின்னு போச்சு. முன்னாடி புகை. ஏதோ கிடங்குல தீப்பிடிச்சிருக்குன்னு பக்கத்து வண்டிக்காரன் சொல்றான். எனக்கு எரிச்சல். ‘இங்க எறங்கிக்கோம்மா, நடந்தா அஞ்சு நிமிஷம், வண்டியில போனா அரை மணி’ங்கிறேன். வெயிலா இருக்கு அம்மோ, கேக்கு உருகிடும்ங்கிறா. நான் அதுக்குள்ள இடது பக்கம் ஒடிச்சுட்டேன். எறங்கிட்டா. ஆறு மணி நாலு நிமிஷம். வண்டிக் கடிகாரம் சொல்லுது. நான் மலை ஏறுறேன். கண்ணாடியில அவ நடந்து போறது தெரியுது. புகையைப் பாத்துதான் போறா.”

ஆறு ஏழுக்கு வெடித்தது.

அவளுக்கு என்ன ஆனது என்று அவருக்குத் தெரியாது. பெயர் தெரியாது. செத்தவர்களின் படங்கள் பத்திரிகையில் வந்தபோது ஒவ்வொரு பெண்ணின் முகத்தின் கீழ்ப்பாதியையும் விரலால் மறைத்து மறைத்துப் பார்த்தார். எல்லோருடைய கண்களும் அவள் கண்களாகவே இருந்தன. ஊர் அவரை வீரன் என்று கட்டிப்பிடித்தபோதெல்லாம் பிடியை விலக்கிக்கொண்டு வண்டியில் ஏறிவிடுவார். பதினோரு பேரை ஏற்றினேன் என்று சொல்கிற வாயால், ஒருத்தியை இறக்கினேன் என்று சொல்ல முடியவில்லை.

வீட்டில் பதிவைக் கேட்க வழியில்லை. சுவர் அட்டை மாதிரி, அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் ஆசீர்வதிப்பார்கள். அதனால் வண்டியிலேயே, சவாரி இல்லாத நேரத்தில், ரேடியோவோடு ஃபோனை இணைத்துக் கேட்பார். முதல் வாரம் நடுவிலேயே இறங்கிப்போய் வாந்தி எடுத்தார். இரண்டாவது வாரம் முழுக்கக் கேட்டார். நாலாவது வாரம் கேட்டுக்கொண்டே ஒரு முறை கொட்டாவி விட்டார். விட்டதற்காகத் தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

ஐந்தாவது வாரம்தான் அந்தக் கூத்து நடந்தது. பதிவை நிறுத்திவிட்டதாக நினைத்துக்கொண்டு சவாரி ஏற்றினார். முன்னால் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பின்னால் காய்கறிப் பையோடு ஒரு பருத்த அம்மாள், பக்கத்தில் ஓர் இளைஞன். பாலம் ஏறும்போது ரேடியோ தானாக உயிர் பெற்றது. ‘டோராவுல ஏறுறா. முன் சீட்டு.’

மெல்ஹெமின் கை பாய்ந்தது. பொத்தான் அமுங்கவில்லை. பழைய மெர்சிடிஸ், புது ரேடியோ. இரண்டுக்கும் என்றைக்குமே ஒத்துப்போனதில்லை. அதற்குள் குரல் துறைமுக ரோட்டுக்கு வந்திருந்தது.

“இரு இரு, நிறுத்தாத,” என்றார் வாத்தியார். “அன்னிக்கு நடந்ததச் சொல்றான்.”

பெய்ரூத்துக்காரர்கள் அடுத்தவன் கதையைச் சும்மா கேட்கிறவர்களா? புகை என்று ரேடியோ சொன்னதும் மூன்று பேரும் கிளம்பிவிட்டார்கள். புகை சாம்பல் நிறம் என்றார் வாத்தியார். இல்லை, ஆரஞ்சு நிறம், நான் என் கண்ணால் பார்த்தேன் என்றான் இளைஞன். “நீ எங்க இருந்த?” “ஜூனியேவுல.” “அத்தன தூரம் தள்ளி ஜூனியேவுல இருந்து நிறம் பாத்தானாம்!” என்று அந்த அம்மாள் சிரித்தாள். அதற்குள் ரேடியோவில் மெல்ஹெமின் குரல், இங்க எறங்கிக்கோம்மா என்று சொல்லி முடித்தது.

அம்மாளின் சிரிப்பு நின்றது.

“பாத்தீங்களா! இந்த டிரைவருங்களே இப்படித்தான். நடுரோட்டுல எறக்கி விடுவானுங்க. விட்டுட்டு, கதவ மெல்லச் சாத்துன்னு வேற கத்துவானுங்க!”

“அவனுக்கு எப்படிம்மா தெரியும்? நானா இருந்தா அவன் சொல்றதுக்கு முன்னாடியே இறங்கி நடந்திருப்பேன்,” என்றார் வாத்தியார்.

மெல்ஹெம் வண்டியை ஓரங்கட்டினார். ஃபோனையே அணைத்தார். மூன்று பேரையும் அவரவர் வாசல் வரை கொண்டுபோய் விட்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நாலு மாடி ஏறினதும் ஜுமானாவிடம் சொன்னார், “இதோட போதும். எனக்குத் தீர்ப்பு வந்தாச்சு.”

“யாரு குடுத்தா?”

“ஒரு அம்மா. தக்காளிப் பையோட.”

நடந்ததைச் சொன்னார். ஜுமானா கேட்டுக்கொண்டே இருந்தவள், “அந்தம்மா சொன்னதுல எது உங்களக் குத்திச்சு?” என்றாள்.

கீழே யாரோ ஜெனரேட்டரை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள்.

“கதவு,” என்றார். “அத நான் உங்ககிட்ட சொல்லவே இல்ல. பதிவுலயும் இல்ல. அவ கோபத்துல கதவ ஓங்கிச் சாத்தினா. நான் ஜன்னல் வழியா கத்தினேன். ‘மெல்ல சாத்து! உங்கப்பன் வாங்கிக் குடுத்த வண்டியா?’ன்னு கத்தினேன். அதுதான், டாக்டரம்மா. ஒருவேளை அந்தப் பொண்ணு உலகத்துல கடைசியா கேட்ட வார்த்தை அதுவா இருந்தா? ஒரு கதவுக்காக.”

அவர் அழவில்லை. அழ வராமல் நெஞ்சு மட்டும் மேலும் கீழும் போய்வந்தது. அவள் ஆறுதல் சொல்லவில்லை. தப்பே இல்லை என்று தட்டிக்கொடுக்கவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“ஆறு நாலுக்கு ஸ்டியரிங் பிடிச்சிருந்த மெல்ஹெமுக்கு என்னென்ன தெரியும்? ஒவ்வொண்ணா சொல்லுங்க.”

“தீ. புகை. நெரிசல்.”

“அப்புறம்?”

“வெயிலு. டேங்க்ல பெட்ரோல் கம்மி. அந்த வருஷம் பூரா எரிச்சல்.”

“மூணு நிமிஷத்துல வெடிக்கும்னு தெரியுமா?”

“எப்படித் தெரியும்!”

“இத்தன நாளா எந்த மெல்ஹெமைக் கூண்டுல ஏத்தி நிக்க வச்சிருக்கீங்க? ஆறு நாலுக்கு இருந்தவனையா, ஆறு ஏழுக்கு அப்புறம் வந்தவனையா?”

மெல்ஹெம் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். “ஆனா கத்தினது கத்தினதுதானே.”

“ஆமா. கத்தினீங்க. முரட்டுத்தனமா பேசினீங்க. அதுக்கு வருத்தப்படலாம். ஆனா கத்தினதும் கொன்னதும் ஒண்ணில்ல, அம்மோ.”

அந்த வாக்கியத்தை அவர் வீடு வரை சுமந்துகொண்டு போனார். அன்றைக்கு ஒப்புக்கொள்ளவில்லை. மறுநாளும் இல்லை. ஆனால் கதவையும் சேர்த்துப் புதிதாகப் பதிவு செய்ததைத் தினமும் கேட்டார். ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை.

பிறகு ஜுமானா ஒரு தாளில் படிகள் எழுதினாள், சுலபத்திலிருந்து கஷ்டம்வரை. மலைமேல் கர்ம் ஸெய்தூன் படிக்கட்டின் உச்சியில் நின்று, துறைமுகத்தில் வெடித்துச் சிதைந்து நிற்கிற தானியக் கோபுரங்களைத் தூரத்திலிருந்து பார்ப்பது. கீழே இறங்கிப்போய்ச் சாலைக்கு இந்தப் பக்கம் நிற்பது. ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத நேரத்தில் ஓட்டுவது. பயணிகளோடு ஓட்டுவது. கடைசியாக அவள் எழுதினதைப் பார்த்ததும் மெல்ஹெம் பேனாவைப் பிடுங்கி அந்த வரியைக் கோடு போட்டு அடித்தார். ‘பயணி கேட்டால் பாதி வழியில் இறக்கிவிடுவது.’

“மத்ததெல்லாம் செய்யறேன். இது என் உயிர் போனாலும் கிடையாது.”

“சரி,” என்றாள். தாளை மடித்து அவரிடமே கொடுத்தாள்.

கீழே இறங்கிப்போன அன்று ஜுமானாவும் உடன் வந்தாள், கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு. லாரிகள் அலறுகிற சாலையோரம் கம்பி வேலிக்கு எதிரே நின்றார்கள். எதிரே பாதி கடித்துத் துப்பினதுபோல் கோபுரங்கள். மெல்ஹெமுக்கு முதுகெல்லாம் வேர்த்தது. கிழிந்து தைத்த காதில் கொய்யென்று சத்தம் கேட்டது. “தொண்ணூத்தஞ்சு” என்றார். கால்மணி கழித்து, “தொண்ணூறு.” ஜுமானா சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு நின்றாள், இவருக்கும் ஒரு கை கொடுத்தாள். முக்கால் மணி ஆனதும், “அறுபது இருக்கும். கால் வலிக்குது, அதையும் சேக்கணுமா?” என்றார். பயம் ஏறின மாதிரியே இறங்கவும் செய்யும் என்பதை அவர் உடம்பு அன்றுதான் கற்றுக்கொண்டது. மறுநாள் அவரே தனியாகப் போய் நின்றார். அதற்கு மறுநாளும். வேலிக்காவல் சிப்பாய் ஒருவன் ஒரு வாரம் பார்த்துவிட்டு, “என்ன பெரியவரே, எதையாவது தொலைச்சுட்டீங்களா?” என்று கேட்டான். “ஆமா” என்றார் மெல்ஹெம்.

மார்ச் கடைசியில் காலியாக ஓட்டினார், ஆறு முறை. ஏப்ரலில் ஒடெத்தை உட்கார வைத்து ஓட்டினார். அவள் வழி நெடுக அவர் வேகத்தைக் குறை சொல்லிக்கொண்டே வந்தது எவ்வளவோ உதவியாக இருந்தது.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை பயணிகளை ஏற்றினார். “துறைமுக ரோடு வழியா” என்று டோராவில் அவர் குரல் கொடுத்தபோது நாயெஃப் காபியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தான். அவன்கூட ஒன்றும் சொல்லவில்லை. முன் சீட்டில் மஆமூல் டப்பாவோடு ஒரு பெரியவர் ஏறினார். பேரீச்சையும் வெண்ணெயுமாக அந்தப் பண்டிகைப் பலகார வாசனை வண்டி முழுக்க நிறைந்தது. பின்னால் ஒரு தாய், தூங்கும் குழந்தை. ஓரத்தில் கல்லூரிப் பெண் ஒருத்தி, முகத்தை ஃபோனில் புதைத்திருந்தாள்.

கரந்தீனா தாண்டினதும் வண்டிகள் நின்றன.

பண்டிகை நெரிசல்தான். கோபுரங்களுக்கு நேர் எதிரே, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல், பத்து நிமிஷம். மெல்ஹெமின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எண்பது, என்று மனசுக்குள் சொன்னார். எண்பத்தஞ்சு. இடது பக்கம் மலைக்குத் திரும்புகிற வழி திறந்து கிடந்தது. அவர் திரும்பவில்லை.

“அம்மோ, நான் இங்கயே இறங்கிக்கிறேன்,” என்றாள் அந்தப் பெண். “நடந்தா அஞ்சு நிமிஷம்.”

“முடியாது.”

அந்த வார்த்தை அவ்வளவு சத்தமாக வரும் என்று அவரே நினைக்கவில்லை. குழந்தை விழித்துக்கொண்டது.

“ஏன் முடியாது?”

“வாசல்ல விடறேன். எந்த வீடு சொல்லு. சந்துக்குள்ளயே வந்து விடறேன்.”

“வாசல் வரைக்கும் வேண்டாம், அம்மோ! எங்கம்மா கோயில் வாசல்ல நிக்கிறாங்க, ஏற்கெனவே லேட்டு. நான் போகணும்.”

“விடுப்பா, அவளுக்குக் கால் இல்லையா?” என்றார் பெரியவர்.

மெல்ஹெம் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். முழு முகமும் தெரிந்தது. மூக்கின் மேல் ஒரு பரு, கோபம், பத்தொன்பது வயது. இவளை நிறுத்தி வைக்கத் தனக்கு என்ன உரிமை என்று அப்போதுதான் தோன்றிற்று. தன் பயத்துக்குக் காவலாக ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் வண்டிக்குள் பூட்டி வைத்திருக்கிறார். ஒன்றரை வருஷமாக வாசல் வாசலாகக் கொண்டுபோய் விட்டதில் ஒருத்தருக்காவது தன்னால் பாதுகாப்பு கிடைத்ததா? தொண்ணூற்றெட்டு.

“போம்மா,” என்றார். “பாத்துப் போ.”

அவள் இறங்கினாள். நின்ற வண்டிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து நடந்தாள். மெல்ஹெம் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் முதுகையே பார்த்தார். அவள் சின்னதானாள். ஒரு லாரி மறைத்தது, மறுபடி தெரிந்தாள். சாலையைக் கடந்தாள். தூரத்துப் படிக்கட்டில் ஒரு பெண் கையை வீசி ஏதோ திட்டினாள், இவளும் பதிலுக்குக் கையை வீசினாள். இருவரும் உள்ளே போய்விட்டார்கள்.

ஒன்றும் நடக்கவில்லை. வானம் நீலமாக இருந்தது. யாரோ ஹாரன் அடித்தான்.

அப்போதுதான் அழுகை வந்தது. பயம் வடிந்த இடத்தில், இத்தனை நாளும் வர வழியில்லாமல் இருந்த துக்கம் வந்தது. அந்தக் கேக்குக்காரப் பெண்ணுக்காக ஒரு நாள்கூட அவர் அழுததில்லை. அவளை நினைத்தபோதெல்லாம் நடுங்கியிருக்கிறார், அவ்வளவுதான். இப்போது மூக்கு ஒழுக, தோள் குலுங்க, ஊர் பார்க்க அழுதார். பின்னாலிருந்து அந்தத் தாய் ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டினாள்.

“உனக்குத் தெரிஞ்ச பொண்ணா?” என்று கேட்டார் பெரியவர்.

“இல்ல. அன்னிக்கு ஒரு பொண்ண இதே இடத்துல நான் இறக்கிவிட்டேன். அவளுக்கு நடக்க இஷ்டமில்ல. நான்தான் இறங்கச் சொன்னேன். கதவுக்காகத் திட்டவும் செஞ்சேன்.”

சொல்லி முடித்தார். யாரும் அவரை அடிக்கவில்லை. பெரியவர் மஆமூல் டப்பாவின் கயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார்.

“இருக்காளா?”

“தெரியாது. தெரியாமலேதான் ஓட்டணும்.”

பெரியவர் கொஞ்ச நேரம் கோபுரங்களைப் பார்த்தார். “அப்ப ஓட்டு,” என்றார். “வழி விட்டாச்சு.”

மெல்ஹெம் கியரைப் போட்டார்.

அவர்களை ஊர் நடுவில் இறக்கிவிட்டதும் ஓரமாக நிறுத்தி ஒடெத்துக்கு ஃபோன் செய்தார். மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

“உன் தம்பிகிட்ட சொல்லிடு. பிளேட்டு விக்கிறதுக்கில்ல.”

“அத நான் மார்ச்லயே சொல்லிட்டேன்.”

“மார்ச்லயா? அப்புறம் எதுக்கு ஈஸ்டர் ஈஸ்டர்னு என் உயிரை வாங்கின?”

மிஷின் நின்றது.

“நீ கம்பி வேலிகிட்ட போய் நின்னியே, ஒரு வாரம். உனக்குத் தெரியாம நானும் படிக்கட்டு மேல நின்னு பாத்தேன். அசையாம நீ நின்ன. ஓடல. அன்னிக்கே சொல்லிட்டேன்,” என்றாள் ஒடெத். கொஞ்சம் பொறுத்து, “எத்தன சவாரி ஆச்சு?” என்றாள்.

“ஒண்ணு.”

“பொழுது இருக்குல்ல. இன்னும் ரெண்டு அடிச்சுட்டு வா.”